சாவி இருக்கு... பூட்டு திறக்குதா? வைட்டமின் டி-யை வழிமறிக்கும் ரசாயனங்கள்!

உடம்பெல்லாம் வலி, நாலு படி ஏறினால் களைப்பு என்று டாக்டரிடம் போனால், அவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் இப்போதெல்லாம் வைட்டமின் டி தவறாமல் இருக்கிறது. ரிப்போர்ட்டில் 12, 15 என்று ஏதோ ஓர் எண் வரும். வாரத்துக்கு ஒன்று என்று 60,000 யூனிட் மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். இரண்டு மாதம் கழித்து எண் 30-ஐத் தாண்டியதும், 'அப்பாடா' என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள்.

ஆனால், அந்த எண் சொல்வது பாதிக் கதையைத்தான். ரத்தத்தில் எவ்வளவு வைட்டமின் டி சேமிப்பில் இருக்கிறது என்று அது சொல்லும். அந்த வைட்டமின் செல்லுக்குள் போய்த் தன் வேலையைச் செய்கிறதா என்று சொல்லாது. புகை, ஈயம், காட்மியம், பூச்சிக்கொல்லி, பிளாஸ்டிக், நான்-ஸ்டிக் பூச்சுகளின் தயாரிப்பில் பயன்பட்ட ரசாயனம் என்று நம்மைச் சுற்றியிருக்கும் பல பொருள்கள் அந்த வேலையில் குறுக்கிடக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சில விஷயங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே உறுதியானவை. சில இப்போதுதான் தெரியவருகின்றன. எது எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால் வீணாகப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

வைட்டமின் என்ற பெயரில் ஒரு ஹார்மோன்

பேருக்குத்தான் இது வைட்டமின். உடலுக்குள் இது நடந்துகொள்வதெல்லாம் ஹார்மோனைப் போலத்தான். நம் தோலில் கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர்கள் அதன்மீது பட்டதும், அது வைட்டமின் டி3 ஆக மாறத் தொடங்குகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கிளம்பி கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைக் கொஞ்சம் மாற்றி, சேமிப்பு வடிவமாக ஆக்குகிறது. லேபில் அளப்பது இந்த வடிவத்தைத்தான். பொதுவாக இது ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்கிறார்கள்.

சேமிப்பு வடிவத்தால் நேரடியாகப் பெரிய பலன் இல்லை. அது சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு முறை மாற வேண்டும். அப்போதுதான் 'கால்சிட்ரியால்' என்ற முழு வீரியமுள்ள ஹார்மோன் கிடைக்கும். அதுதான் சாவி.

இந்தச் சாவிக்கான பூட்டின் பெயர் வைட்டமின் டி ரிசெப்டார். செல்களுக்குள் இருக்கும் ஒரு புரதம் அது. குடல், எலும்பு, சிறுநீரகம், தோல், நோய் எதிர்ப்பு செல்கள் என்று உடலின் பெரும்பாலான இடங்களில் இது இருக்கிறது. கால்சிட்ரியால் வந்து பொருந்தியதும் ரிசெப்டாரின் வடிவம் மாறும். ஆனாலும் அது தனியாக எதுவும் செய்யாது. ஆர்.எக்ஸ்.ஆர் என்ற இன்னொரு புரதத்துடன் ஜோடி சேர வேண்டும். பேங்க் லாக்கரை நம் சாவியோடு மேனேஜரின் சாவியும் சேர்ந்தால்தான் திறக்க முடியும், இல்லையா? அதே கதைதான். ஜோடி சேர்ந்த பிறகு இரண்டும் டி.என்.ஏ-வில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான ஜீன்களின் வேலையைக் கூட்டியும் குறைத்தும் நடத்துகின்றன.

இதனால் என்ன லாபம் என்பதற்கு ஓர் உதாரணம். வைட்டமின் டி போதாதபோது, சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் குடல் உறிஞ்சும். போதுமான அளவு இருந்து, சிக்னலும் ஒழுங்காகப் போனால் அது 30 முதல் 40 சதவீதமாக உயரும். வேலை முடிந்ததும் கால்சிட்ரியாலை உடைத்து வெளியேற்றவும் ஓர் என்சைம் இருக்கிறது. உற்பத்தி, மாற்றம், பூட்டு, வெளியேற்றம் என்று நீளும் இந்தப் பாதையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழிமறிக்க ஒரு ரசாயனம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

வானத்திலேயே முதல் தடை

புகை மண்டிய பிரிட்டன் நகரங்களில் குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் 19-ம் நூற்றாண்டில் சர்வசாதாரணம். தியோபால்ட் பாம் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஜப்பானில் சில காலம் பணியாற்றினார். அங்கே இந்த நோய் அரிதாக இருந்தது அவருக்கு ஆச்சர்யம். பல நாடுகளிலிருந்து தகவல் திரட்டி, வெயில் கிடைக்காததுதான் காரணம் என்று 1890-ல் எழுதினார். வைட்டமின் டி என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

அதே கதை நம் நாட்டிலும் உண்டு. டெல்லியில் புகை அதிகமுள்ள மோரி கேட் பகுதியிலும், அப்போது காற்று அவ்வளவாகக் கெடாத குர்கானிலும் 9 முதல் 24 மாதக் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. குர்கான் குழந்தைகளின் சராசரி வைட்டமின் டி அளவு 27.1. மோரி கேட் குழந்தைகளுக்கு 12.4. பாதிக்கும் குறைவு! ஒரே வெயில், ஒரே சீதோஷ்ணம். காற்றில் மிதக்கும் தூசும் புகையும் தரையருகே உருவாகும் ஓசோனும் புற ஊதா பி கதிர்களை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. வெயில் சுள்ளென்று சுடும். ஆனால், வைட்டமின் டி-க்குத் தேவையான கதிர் வந்து சேராது.

'வலிக்குது... வலிக்குது...' - ஓர் ஊரின் பாடம்

இரண்டாவது தடை சிறுநீரகத்தில். இதற்கு உலகமே நினைவு வைத்திருக்கும் உதாரணம், ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் ஓடும் ஜின்சு ஆற்றுப் படுகை.

அங்கே நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள், குறிப்பாகப் பல பிள்ளைகள் பெற்றவர்கள், தாங்க முடியாத எலும்பு வலியால் துடித்தார்கள். இருமினாலே எலும்பு முறிந்தது. உயரம் குறைந்தது. அவர்கள் வலியில் கத்திய சொல்லே நோயின் பெயரானது. 'இதாய் இதாய்' என்றால் ஜப்பானிய மொழியில் 'வலிக்குது, வலிக்குது' என்று அர்த்தம்.

ஆரம்பத்தில், 'சத்துக் குறைவு' என்றுதான் பலரும் நினைத்தார்கள். அதே ஊர் மருத்துவரான நொபோரு ஹகினோ அதை ஏற்கவில்லை. நோயாளிகள் எல்லோரும் ஒரே ஆற்றுப் பாசனப் பகுதியில் இருப்பது அவர் கண்ணை உறுத்தியது. ஆற்றின் மேல் பகுதியில் காமியோகா சுரங்கம் இருந்தது. துத்தநாகத் தாதுவோடு சேர்ந்து வரும் காட்மியம் என்ற உலோகம் அங்கிருந்து ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, நெல்லில் ஏறி, சோறாக வயிற்றுக்குள் போயிருந்தது. 1968-ல் ஜப்பான் அரசு இதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. சுற்றுச்சூழல் மாசால் வந்த நோய் என்று அந்நாட்டு அரசு ஏற்ற முதல் நோய் இதுதான்.

காட்மியம் எலும்பை எப்படி உருக்கும்? அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய்த் தங்குகிறது. சேமிப்பு வைட்டமின் டி, கால்சிட்ரியாலாக மாறுவதும் அதே இடத்தில்தான். குழாய்கள் பழுதானால் சாவி தயாராவது குறையும். எலும்புக்குத் தேவையான பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரில் ஒழுகிப்போகும். உள்ளே வந்த காட்மியம் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. சிறுநீரகத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும். இரும்புச்சத்து குறைவாக இருப்பவர்களின் குடல் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சும். பிள்ளை பெற்று ரத்தசோகையில் இருந்த பெண்களையே நோய் அதிகம் தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் வழக்கு போட்டார்கள். 1971-லும் மேல்முறையீட்டில் 1972-லும் ஜெயித்தார்கள். கெட்டுப்போன வயல்களின் மண்ணைச் சீராக்கும் வேலை முடிந்தபோது 2012 ஆகிவிட்டது.

இது அங்கே நடந்ததுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் குணமுள்ளது. அதனால் சிகரெட் பிடிப்பவரின் உடலில் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு காட்மியம் சேர்கிறது.

கால்சியம் வேஷத்தில் ஈயம்

ஈயம் உடலுக்குள் கால்சியம் மாதிரியே வேஷம் போடும். குடலில் கால்சியத்துக்கான வழியில் நுழையும்; எலும்பில் கால்சியத்தின் இடத்தில் உட்காரும். பெரியவர்களின் உடலில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. கர்ப்ப காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் எலும்பு கரையும்போது அது மறுபடி ரத்தத்துக்கு வரும்.

ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகளுக்குக் கால்சிட்ரியால் குறைந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-ல் வெளியிட்டார்கள். ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை கொடுத்ததும் கால்சிட்ரியால் மறுபடி உயர்ந்தது. தடுத்தது ஈயம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பின்னாளில் வந்த இன்னோர் ஆய்வு முக்கியமான ஒன்றைச் சேர்த்துச் சொன்னது. நல்ல ஊட்டத்துடன் வளரும், ஈய அளவும் குறைவாக உள்ள குழந்தைகளிடம் இந்தப் பாதிப்பு தென்படவில்லை. அதாவது தட்டில் சத்து இருந்தால் வைட்டமின் டி விஷயத்தில் ஈயத்தின் கை அவ்வளவாக ஓங்காது. அதற்காக, கொஞ்சம் ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. குழந்தைகளின் மூளையைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நிறுத்தப்பட்டது. வீட்டுப் பெயின்ட்டில் 90 பி.பி.எம் அளவுக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. ஆனாலும் யுனிசெப்பும் 'பியூர் எர்த்' அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, உலகில் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது. அதில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகள், உரிந்து விழும் பழைய பெயின்ட், மசாலாப் பொருள்களில் கலப்படம் என்று பல வழிகளில் அது வருகிறது.

பூட்டுக்குள் நுழையும் கள்ளச்சாவி

இதுவரை பார்த்தவை சாவி தயாராவதைத் தடுப்பவை. சாவி தயாராகி வந்தும் பூட்டு திறக்காமல் போனால்?

இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நிலத்தடி நீரிலும் குடிநீரிலும் 'பி-ஃபாஸ்' என்ற ரசாயனக் குடும்பம் கலந்திருப்பது 2013-ல் தெரியவந்தது. எண்ணெய், தண்ணீர் எதுவும் ஒட்டாமல் வழுக்கிவிடும் பூச்சுகளுக்காக உருவாக்கப்பட்டவை இவை. எளிதில் சிதையாது என்பதால் 'நிரந்தர ரசாயனங்கள்' என்று பட்டப்பெயர். திரிசினோ என்ற ஊரிலிருந்த ரசாயன ஆலையிலிருந்து இது பரவியது. பாதிப்புக்கு உள்ளான பகுதியில் வாழ்ந்தவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம். பிள்ளைகளின் ரத்தத்தில் இந்த ரசாயனம் இருப்பதைக் கண்ட தாய்மார்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2025 ஜூனில் விசென்சா நீதிமன்றம் இந்த வழக்கில் 11 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் பதுவா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட முடிவு, வைட்டமின் டி ரிப்போர்ட்டைப் பார்க்கும் பார்வையையே மாற்றக்கூடியது. பி-ஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ என்ற ரசாயனம், ரிசெப்டாரில் கால்சிட்ரியால் பொருந்தும் அதே இடத்தில் பொருந்தக்கூடியது என்று கம்ப்யூட்டர் மாதிரி காட்டியது. சரியாகத் திருப்ப முடியாத கள்ளச்சாவி பூட்டில் சிக்கிக்கொண்டால் அசல் சாவி எப்படி நுழையும்? ஆய்வகத்தில் எலும்பு செல்களையும் குடல் செல்களையும் வைத்துப் பார்த்தார்கள். பி.எஃப்.ஓ.ஏ இருக்கும்போது வைட்டமின் டி-யின் கட்டளைக்குச் செல்கள் காட்டும் பதில் குறைந்தது. எலும்பு செல்களில் தாது படிவதும் குறைந்தது.

பாதிக்கப்பட்ட பகுதி இளைஞர்களின் ரத்தத்தையும் மற்ற இளைஞர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். வைட்டமின் டி அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால், பாராதைராய்டு ஹார்மோன் அதிகமாக இருந்தது. உடலுக்குக் கால்சியம் போதவில்லை, வைட்டமின் டி தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று தோன்றும்போது உடல் அடிக்கும் அலாரம்தான் இந்த ஹார்மோன். ரிப்போர்ட்டில் எண் சரியாக இருக்கிறது, அலாரமோ அடிக்கிறது!

இதை வைத்து, பி-ஃபாஸ் உடலில் உள்ள எல்லோருக்கும் வைட்டமின் டி வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. செல் ஆய்வு வேறு, மனித உடல் வேறு. அமெரிக்க மக்களிடம் 2019-ல் நடந்த ஆய்வில், இந்தக் குடும்பத்தின் ஒரு ரசாயனம் அதிகமுள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாகவும், இன்னொன்று அதிகமுள்ளவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. ஆகவே, இதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பி.எஃப்.ஓ.ஏ-வை ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் 2019-ல் சேர்த்துவிட்டார்கள் என்பது ஓர் ஆறுதல்.

பூட்டின் ஜோடிக்கும் வேட்டு வைக்கும் ரசாயனம் உண்டு. கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க டிரைபியூட்டைல் டின் கலந்த பெயின்ட்டை அடித்துவந்தார்கள். இது ஆர்.எக்ஸ்.ஆர் புரதத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் தன்மையுள்ளது. கடல் நத்தைகளில் பெண்ணினத்துக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்குக் குழப்பம் செய்ததால், 2008-ல் சர்வதேசத் தடை நடைமுறைக்கு வந்தது.

வேலை முடியும் முன்பே வெளியேற்றம்

கால்சிட்ரியாலை உடைக்கும் என்சைம் அளவோடு வேலை செய்தால் நல்லது. அதை ஓவர்டைம் பார்க்கவைக்கும் ரசாயனங்களும் இருக்கின்றன.

இதற்கு மருத்துவத்திலேயே பழைய சாட்சி உண்டு. பீனோபார்பிடால், பெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரைகளைப் பல ஆண்டுகள் எடுத்தவர்களுக்கு எலும்பு மெலிவதை டாக்டர்கள் 1960-களின் இறுதியிலேயே கவனித்தார்கள். இந்த மருந்துகள் கல்லீரலின் என்சைம்களைத் தூண்டிவிடுவதால் வைட்டமின் டி சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. (வலிப்பு மாத்திரையை யாரும் தானாக நிறுத்தக் கூடாது. வைட்டமின் டி சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டால் போதும்.) கல்லீரலுக்கு மருந்தும் ஒன்றுதான், வெளியிலிருந்து வரும் ரசாயனமும் ஒன்றுதான். அதே கதவைத் தட்டும் பூச்சிக்கொல்லிகளும் உண்டு.

டி.டி.டி, எச்.சி.எச் போன்ற பழைய குளோரின் பூச்சிக்கொல்லிகளின் மிச்சம் ரத்தத்தில் அதிகமுள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருந்ததை, 1,275 அமெரிக்கர்களின் ரத்த அளவுகளை வைத்து நடந்த ஆய்வு 2012-ல் காட்டியது. இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி-யைப் பயன்படுத்த 1989-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் மண்ணிலும் கொழுப்பிலும் பல ஆண்டுகள் தங்கும் சரக்கு இது.

விறகு, குப்பை, டீசல், சிகரெட் எது எரிந்தாலும் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் இருக்கும். நோய் எதிர்ப்பு செல்களில் வைட்டமின் டி-யை உடைக்கும் என்சைமை இது அதிகப்படுத்துவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் கண்டறிந்தார்கள். ஆக, புகை வானத்தில் கதிரை மறிக்கிறது. மூச்சு வழியாக உள்ளே போனால் இருக்கும் வைட்டமினையும் கரைக்கப் பார்க்கிறது. போகிப் பண்டிகை அன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லலாம்.

பிளாஸ்டிக் டப்பா என்ன செய்கிறது?

பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கப்படும் தாலேட், கடினமான பிளாஸ்டிக்கிலும் பில் பேப்பரிலும் உள்ள பிஸ்பினால்-ஏ ஆகிய இரண்டின் பெயரும் இந்தப் பட்டியலில் அடிபடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 4,667 பேரின் அளவுகளைப் பார்த்தார்கள். சிறுநீரில் ஒருவகைத் தாலேட்டின் மிச்சம் அதிகமுள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. பெண்களிடம் பிஸ்பினால்-ஏ விஷயத்திலும் இதே போக்கு தெரிந்தது.

இங்கே ஒரு நிதானம் தேவை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் இந்த ஆய்வு சொல்கிறது. ஒன்றால்தான் மற்றொன்று என்று சொல்லவில்லை. பாக்கெட் உணவை அதிகம் சாப்பிட்டு, வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குத் தாலேட்டும் அதிகமாக இருக்கும், வெயில் படாததால் வைட்டமின் டி-யும் குறைவாக இருக்கும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இயல்பாகவே ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு. இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் ஆய்வு செய்கிறார்கள் என்றாலும் முழுவதுமாகக் கழிப்பது கஷ்டம்.

எதை எவ்வளவு நம்பலாம்?

சுருக்கமாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

• உறுதியானவை: காட்மியம் அதிகமானால் சிறுநீரகமும் எலும்பும் கெடும். அதிக அளவு ஈயம் கால்சிட்ரியாலைக் குறைக்கும். காற்று மாசு புற ஊதா பி கதிரைத் தடுக்கும்.

• வலுவான சந்தேகம்: புகையில் உள்ள ரசாயனங்கள், பழைய பூச்சிக்கொல்லிகள், பி.எஃப்.ஓ.ஏ.

• இன்னும் ஆராய வேண்டியவை: தாலேட், பிஸ்பினால்-ஏ. 'பிளாஸ்டிக் டப்பாவால்தான் உனக்கு வைட்டமின் டி இல்லை' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அதை ஃபார்வர்டு செய்யும் முன் யோசிக்கவும்.

மாத்திரையை இரண்டு மடங்காக்கினால் போச்சா?

பூட்டு மக்கர் செய்கிறதென்றால் சாவியை நிறையப் போட்டுவிடலாமே என்று தோன்றும். இதுதான் ஆபத்தான யோசனை. வைட்டமின் டி கொழுப்பில் கரையும். மிச்சமானது சிறுநீரில் உடனே போய்விடாது. வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினம் ஒன்று என்று தவறாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு. மாத்திரையின் அளவையும் காலத்தையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எண் சரியான பிறகும் எலும்பு வலியும் தசை பலவீனமும் தொடர்ந்தால் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று அவரிடம் கேட்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் காலை 7 மணி வெயிலில் புற ஊதா பி மிகக் குறைவு. திருப்பதியில் நடந்த ஆய்வு, 11 மணியிலிருந்து 2 மணி வரைதான் பொருத்தமான நேரம் என்று காட்டியது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது சரியான வெயில். கை, கால்களில் சில நிமிடங்கள் பட்டால் போதும். அக்னி நட்சத்திரத்தில் வாட வேண்டாம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயன் இல்லை.

• கால்சியமும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் ஈயமும் காட்மியமும் உள்ளே நுழைவது குறையும். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பால், தயிர் எல்லாம் கைகொடுக்கும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மத்தி மீன், முட்டை மஞ்சள் கருவில் வைட்டமின் டி-யும் கிடைக்கும்.

• வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால், அதை விடுவதுதான் காட்மியத்துக்கும் புகைக்கும் ஒரே நேரத்தில் வைக்கும் செக். விறகடுப்பு இருந்தால் புகை வெளியேற வழி வேண்டும். குப்பையை எரிக்கக் கூடாது.

• பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உதிரியாக விற்கும் மஞ்சள் தூளைவிட, விரலி மஞ்சள் வாங்கி அரைப்பது நல்லது. பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறையில் விடக் கூடாது. உலோகம் சேரும் பஸ்பம், செந்தூர வகைகளைத் தகுதியுள்ள மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது.

• சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்ற வேண்டாம். எவர்சில்வர் டப்பா பழசு என்றாலும் அதற்கு இணை இல்லை.

• நான்-ஸ்டிக் தவாவைக் காலியாக அடுப்பில் வைத்துக் காயவிடாதீர்கள். பூச்சு உரிந்ததை மாற்றிவிடுங்கள். தோசைக்கு இரும்புக் கல் எப்போதும் கைவசம் இருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள்

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஈயமும் பி-ஃபாஸும் போய்விடுமா?

போகாது. கொதிக்கவைத்தால் கிருமிகள்தான் சாகும். ஆர்.ஓ வடிகட்டி இந்த ரசாயனங்களைப் பெருமளவு குறைக்கும்.

எல்லோரும் ஈயம், காட்மியம் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். பேட்டரி, முலாம் பூசும் பட்டறை, பெயின்ட் தொழிலில் இருப்பவர்கள், அந்தப் பட்டறைகளுக்கு அருகில் வசிக்கும் குழந்தைகள், மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னும் பழக்கமுள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு டாக்டரிடம் கேட்டு எடுக்கலாம்.

மஞ்சளில் கிடைத்த வெற்றி

இதெல்லாம் தனி மனிதர் கையில் இருக்கிறதா என்று கேட்டால், பாதிதான் இருக்கிறது. காற்றையும் ஆற்றையும் ஒரு குடும்பம் சுத்தம் செய்ய முடியாது. ஆனால், அரசு மனது வைத்தால் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்குப் பக்கத்து நாட்டில் உதாரணம் இருக்கிறது. வங்கதேசத்தில் மஞ்சளின் நிறத்தைக் கூட்ட ஈயம் கலந்த சாயத்தைச் சேர்ப்பது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. செய்தி பரப்பினார்கள், சோதனை நடத்தினார்கள், கலப்படம் செய்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டார்கள். 2021-ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஈயம் குறைந்திருந்தது.

இரண்டே வருடம்தான். அதற்காக யாரும் கூடுதலாக ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை.